காஜா பையன் இல்லாத டெய்லர் கடை: சேலத்துக்காரர்களே, உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

செவ்வாய்ப்பேட்டை வாசி:

துணி எடுப்பது ஒரு கடையில், தைக்கக் கொடுப்பது இன்னொரு கடையில். சேலத்தில் ஆம்பளை உடுப்பு என்றால் ரொம்ப காலம் இதுதான் வழக்கம். முதல் அக்ரஹாரம், சின்னக் கடைவீதி பக்கம் ஜவுளிக்கடையில் பேண்ட் பிட், சட்டை பிட் கிழித்து வாங்குவோம். எந்தப் பன்னாவுக்கு, அதாவது துணியின் அகலத்துக்கு, எவ்வளவு வேண்டும் என்று கடைக்காரர் ஆளைப் பார்த்தே சொல்லிவிடுவார். 36 இஞ்ச் பன்னா என்றால் முழுக்கைச் சட்டைக்கு இரண்டரை மீட்டர் போல ஆகும். 58 இஞ்ச் என்றால் 1.60 போதும். கொஞ்சம் பூசின உடம்பு என்றால் அவரே பத்து சென்டிமீட்டர் சேர்த்துக் கிழிப்பார். அந்தப் பொட்டலத்தோடு நேரே டெய்லர் கடை.

நான் போய்க்கொண்டிருந்த கடையை மாஸ்டர் இந்தச் சித்திரையோடு மூடிவிட்டார். வயது எழுபதுக்கு மேல். கடைசி வாரம் போனபோதும் அலமாரியில் தைக்க வேண்டிய துணி அடுக்கியிருந்தது. "மூணு மெஷின் ஓடின கடை தம்பி. இப்ப நான் ஒருத்தன். கட்டிங் பண்றதா, காலர் அடிக்கிறதா, வர்றவங்களுக்குப் பதில் சொல்றதா?" என்றார். ஆர்டர் இல்லாமல் மூடிய கடை இல்லை அது. அதனால்தான் மனசு ஆறவில்லை.

எனக்கு வலது தோள் இடதைவிடச் சற்று இறக்கம். ரெடிமேட் சட்டை எதைப் போட்டாலும் காலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். மாஸ்டரின் அளவு நோட்டில் என் பெயருக்கு நேரே, நீளம், தோள், கை, மார்பு, கழுத்து என்று வரிசையாக எண்களை எழுதிவிட்டு, ஓரத்தில் பென்சிலால் "வ.தோள் ½ இறக்கம்" என்று குறித்து வைத்திருந்தார். நான் சொல்லி எழுதியது இல்லை. டேப் போடும்போது அவர் கண்ணில் பட்டது. வெட்டும்போதே அந்த அரை இஞ்சைச் சரிவில் கூட்டிவிடுவார். சட்டையைப் போட்டால் காலர் அப்படியே கழுத்தில் உட்காரும்.

உங்கள் பக்கத்து டெய்லர் எப்படி? கடை இருக்கிறதா? மூடிவிட்டார் என்றால் எதனால்? ஓமலூர், ஆத்தூர், ஏற்காடு எல்லாரும் எழுதுங்கள்.

காக்கிச்சட்டை மகன்:

எங்க அப்பா அண்ணா போக்குவரத்துக் கழகத்தில் டிரைவராக இருந்தவர். சீருடைக்குத் துணியாகத்தான் கொடுப்பார்கள். பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு மாஸ்டர், காக்கி தைப்பதிலேயே பேர் வாங்கினவர். நாங்கள் பாய் என்றுதான் கூப்பிடுவோம். காக்கி முரட்டுத் துணி, சாதாரண சட்டை தைக்கிற கைக்கு அது மடங்காது. தோளில் பட்டி, பாக்கெட்டில் நடு மடிப்பு, அதன்மேல் மூடி, எல்லாவற்றிலும் இரட்டைத் தையல்.

டிரைவர் பேண்டில் முதலில் தேய்வது இருக்கைப் பக்கம். பாய் யாரும் கேட்காமலே அந்த இடத்தில் உள்பக்கம் இன்னொரு துணி கொடுத்துத் தைப்பார். பின்பக்கத் தையலில் இரண்டு இஞ்ச் துணி உள்ளே மடித்து விட்டிருப்பார். அப்பாவுக்கு இடுப்பு பெருக்கப் பெருக்க அதைப் பிரித்துப் பிரித்து விட்டுக்கொண்டே வந்தார். சட்டைக் காலர் நைந்துபோனால் பிரித்து, உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டுத் தருவார். இன்னும் ஒரு வருஷம் ஓடும். இன்றைக்கு ஒரு ரெடிமேட் பேண்டை உள்புறம் திருப்பிப் பாருங்கள். ஓவர்லாக் ஓட்டினதுக்கு உள்ளே விடுவதற்குத் துணியே இருக்காது. இறுக்கமானால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

அந்தக் காலத்தில் பின்னி காக்கிக்கு இருந்த மதிப்பே வேறு. மெட்ராஸ் பின்னி மில் 1996-ல் மூடினது. துணி போனதிலிருந்தே எங்க வேலையும் கெட்டது என்று பாய் சொல்லுவார். அந்தக் கடை இப்போது செல்போன் கடை.

மேட்டூர் ரோடு:

நல்லதை மட்டுமே எழுதிக்கொண்டு போகிறீர்கள். எங்கள் வீட்டில் டெய்லரை விட்டதற்குக் காரணம் டெய்லர்தான். "நாளைக்கு வாங்க" என்பார். போனால் துணி வெட்டாமலே கிடக்கும். தீபாவளிக்கு முந்தின ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் கடை வாசலில் நின்றிருக்கிறோம், அப்பா, சித்தப்பா, நாங்கள் எல்லாரும். அக்கா கல்யாணத்துக்கு எனக்குத் தைத்த பேண்ட் முகூர்த்தத்தன்று காலையில் வந்தது, பாட்டம் மடித்து அடிக்காமல். ஊக்கு குத்திக்கொண்டு மேடையில் நின்றேன். அடுத்த பொங்கலிலிருந்து வீட்டில் எல்லாருக்கும் ரெடிமேட்.

கணக்கும் பாருங்கள். இப்போது சட்டைக்குத் தையற்கூலி மட்டும் நானூறு ரூபாய் பக்கம், பேண்டுக்கு அறுநூறு கேட்கிறார்கள். துணி விலை தனி. திருப்பூர் சரக்கில் அந்த நானூறுக்கே ஒரு சட்டை வந்துவிடுகிறது. நாலு பேர் உள்ள வீட்டுக்கு எது கட்டும்? சொன்ன தேதிக்குக் கொடுத்திருந்தால் கூலி கொஞ்சம் கூட இருந்தாலும் ஜனங்கள் போயிருப்பார்கள். ரெடிமேடை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

குகை, டெய்லர் மகள்:

மேட்டூர் ரோடு அண்ணா சொன்னது உண்மைதாங்க. எங்க அப்பா கடையிலும் அதே கதைதான். ஏன் அப்படி ஆச்சுன்னு சொல்றேன்.

சேலத்துல ஜென்ட்ஸ் டெய்லருக்கு ரெண்டு சீசன். தீபாவளி ஒண்ணு, ஆடி நோம்பி ஒண்ணு. கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டினா ஊரே புதுசு எடுக்கும், எங்க குகைப் பகுதியில வண்டி வேடிக்கைன்னா, அதாவது அலங்கார வண்டியில சாமி வேஷம் போட்டு வர்ற ஊர்வலம்னா, வெளியூர்ல இருக்கிற சொந்தமெல்லாம் வந்துடும். அந்த நேரத்துல முடியாதுன்னு ஒரு ஆர்டரைத் திருப்பினா அந்தக் குடும்பமே வேற கடைக்குப் போயிடும். மத்த மாசமெல்லாம் பட்டன் தைக்கிறதும் பாட்டம் மடிக்கிறதும்தான். அதனால கை தாங்காத அளவுக்கு வாங்கிப் போட்டுடுவாங்க. அப்பா ராத்திரி ரெண்டு மணிக்குக் கறுப்புத் துணியில கறுப்பு நூல் ஓட்டிக்கிட்டு இருப்பார். கண்ணு போனதே அதுலதான்.

கடை போனதுக்கு இன்னொரு காரணம் இருக்கு, அதை யாரும் எழுதல. காஜா பையன். ஏழாவது எட்டாவது நின்னுட்டு ஒரு பையன் வந்து உட்காருவான். முதல்ல காஜா எடுக்கணும், அதாவது பட்டன் மாட்டுற ஓட்டைக்கு ஓரம் தைக்கணும், பட்டன் கட்டணும். அப்புறம் கையால ஹெம்மிங். கை படிஞ்சதும் மெஷின்ல சைடு அடிக்க விடுவாங்க, பிறகு கை ஏத்துறது, பாக்கெட், பட்டி. காலர் அடிக்க விடறதுக்கே வருஷங்கள் ஆகும். கத்தரி கடைசியாத்தான் கைக்கு வரும். எங்க அப்பாவும் அப்படி வந்தவர்தான். பிறகு காஜாவுக்கு மெஷின் வந்தது. சட்டையைக் கட்டாக் கட்டிக் கொடுத்தா ஒரு மணி நேரத்துல எல்லாத்துக்கும் போட்டுக் கொடுத்துடறாங்க. பையன் எதுக்குன்னு ஆயிடுச்சு. பையன்களும் ஸ்கூலுக்குப் போனாங்க. போகத்தான் வேணும், அதுல எனக்கு ரெண்டு பேச்சு இல்ல. தைக்கத் தெரிஞ்ச பெரியவங்க திருப்பூருக்குப் போயிட்டாங்க. அங்க ஒருத்தர் காலர் மட்டும், இன்னொருத்தர் கை மட்டும். முழுச் சட்டை யாரும் தைக்கிறதில்ல, ஆனா சனிக்கிழமையானா சம்பளம் கையில வந்துடும். அப்பாவால அதைக் கொடுக்க முடியல. கடைசியில காஜா எடுக்கிற இடமும் இல்ல, அதுல ஆரம்பிச்சு மாஸ்டரா வர்ற ஆளும் இல்ல.

எங்க தெருவுலயே பிளவுஸ் தைக்கிற பொம்பளைங்க நாலு பேர் இருக்கோம். ஒருத்தருக்கும் கை ஓயல. கடையில தொங்கற பிளவுஸ் எல்லாருக்கும் சேராது, தைச்சுத்தான் ஆகணும். கத்துக்கவும் எங்களுக்கு வழி இருந்தது. அரசாங்கத் தையல் பயிற்சி, இலவச மெஷின், ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிற மகளிர் தையல் சங்கம். எங்க அம்மா சங்கத்துலதான் தைச்சாங்க.

நான் அப்பா பக்கத்துல உட்கார்ந்து சட்டை கட்டிங்கே கத்துக்கிட்டவ. ஷோல்டர் இறக்கம், ஆர்ம்ஹோல் வளைவு, காலர் ஸ்டாண்டு எல்லாம் தெரியும். ஆனா கடையில உட்கார அப்பா விடல. ஆம்பளைங்களுக்குப் பொம்பளைப் பிள்ளை டேப் பிடிக்கிறதான்னு கேட்டார். அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன், அந்தத் தெரு அப்படி. ஆனா அந்தக் கடைக்கு ஆள் வெளியில தேடியிருக்க வேண்டியதில்ல. இப்ப பிளவுஸ்தான் தைக்கிறேன்.

மலைக்காற்று, ஏற்காடு:

மேலே எங்களுக்கு இதே கதை வேறு மாதிரி. ஏற்காட்டில் போர்டிங் பள்ளிக்கூடங்கள் அதிகம். கோட்டு, கம்பளிப் பேண்ட் தைப்பதற்கென்றே டெய்லர்கள் இருந்தார்கள். பிள்ளைகள் ஜூனில் வந்து இறங்கும்போது அளவெடுப்பார்கள். கைப்பக்கமும் பாட்டமும் உள்ளே தாராளமாக மடித்து விடுவார்கள், வளர வளர இறக்கிக்கொள்ள. கோட்டுக்குள் வைக்கிற கேன்வாஸைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்துப் பிறகுதான் வெட்டுவார்கள். மலையில் ஈரம் அதிகம். அப்படிச் செய்யாவிட்டால் முதல் மழைக்காலத்திலேயே மார்புப் பக்கம் சுருங்கிக் கோட்டு கோணிக்கொள்ளும். இப்போது சீருடை மொத்த ஆர்டரில் தைத்துக் கட்டாக வந்து இறங்குகிறது.

எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்களுக்கு வைகாசியில் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் புதுத்துணி. எங்கள் அப்பா இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலத்துக்குப் போய் பிட் எடுத்து வருவார், தைப்பது இங்கே. சந்தை நாளில் திண்ணையில் மெஷின் போட்டுக் கிழிசல் தைத்துக் கொடுக்கிற ஒரு தாத்தாவும் இருந்தார். இன்றைக்குச் சுற்றுலா வருகிறவர்களுக்கு ஸ்வெட்டர் விற்கிற கடைதான் வரிசையாக இருக்கிறது. ஒரு ஜிப் மாற்ற வேண்டும் என்றால் கீழேதான் இறங்க வேண்டும்.

அம்மாபேட்டை:

எங்கள் பக்கம் நெசவு. சேலம் வெண்பட்டு வேட்டிக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. முன்பெல்லாம் வேட்டிக்கடையில் பாய் விரித்து உட்கார வைத்து, எட்டு முழத்தையும் விரித்துக் காட்டி, கரை நேராக ஓடுகிறதா, இழை எங்கேயாவது தப்பியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொல்வார்கள். இப்போது பெட்டியில் மடித்து ஒட்டி வருகிறது. பிரித்துப் பார்க்க விடுவதில்லை. மேலே சொன்ன டெய்லர் கதையேதான் தறிக்கும், நான் தனியாக எழுத வேண்டியதில்லை.

கத்தரி, ஐந்து ரோடு:

நான் இன்னமும் கடை நடத்திக்கிட்டு இருக்கேன். வர்றதுல முக்காவாசி ஆல்டரேஷன். ஆன்லைன்ல வாங்கின பேண்டுக்குப் பாட்டம் வெட்டணும், சட்டைக்கு சைடு பிடிக்கணும். இது வேலைதான், வாடகைக்கு ஆகும். ஆனா ஒரு துணியைப் பலகையில விரிச்சு சாக்பீஸ் போடுற வேலை குறைஞ்சுபோச்சு. லினன் பிட் எடுத்துக்கிட்டு சின்னப் பசங்க சில பேர் வர்றாங்க. கல்யாண மாப்பிள்ளை கோட்டு வருது. அதுக்கு டிரையல் பார்த்துத்தான் கொடுக்கிறேன், தேதி தப்பினதில்ல. ஆள் கிடைச்சா இன்னும் ரெண்டு மெஷின் போடத் தயார். மூணு வருஷமாத் தேடறேன்.

குகை தங்கச்சிக்கு ஒண்ணு சொல்றேன். அப்பாவோட அளவு நோட்டை எடைக்குப் போட்டுடாதீங்க. காலர் ஸ்டாண்டு தெரியும்னு எழுதியிருக்கீங்க, இந்த ஊர்ல அது தெரிஞ்சவங்களை விரல் விட்டு எண்ணிடலாம். என் கடையில வெட்டின சட்டை வாரத்துக்கு ஒரு கட்டு அனுப்பறேன், வீட்டுலயே தைச்சுக் கொடுங்க. காஜாவும் அயர்னும் நான் பார்த்துக்கறேன். பீஸ் ரேட் நீங்க சொல்லுங்க. நேரா ஆர்டர் எடுக்கறதா இருந்தாலும் எடுங்க, எனக்கு வருத்தமில்ல.

குகை, டெய்லர் மகள்:

நோட்டு மூணும் இருக்குங்கண்ணா, அப்பா பீரோவுலதான் வெச்சிருக்கார். நீங்க எழுதினதை அவருக்குப் படிச்சுக் காட்டினேன். "காலர் அவளே அடிப்பா, கட்டிங்கும் அவளே பண்ணட்டும்"னு சொல்லிட்டார். அதனால ரெண்டும் செய்யறேன். உங்க கட்டு வரட்டும், நேரா வர்றதையும் எடுக்கறேன். ரேட் போன்ல பேசிக்கலாம்.

நேரா கொடுக்கிறவங்களுக்கு: டேப் வேண்டாம்னு நினைச்சா, உடம்புக்குச் சரியா இருக்கிற பழைய சட்டை ஒண்ணு அளவுக்குக் கொண்டு வாங்க, அதை வெச்சே வெட்டிடுவேன். எங்கயாவது பிடிக்குது, தூக்குதுன்னா அந்த இடத்துல ஊக்கு குத்திட்டு வாங்க. காட்டனா இருந்தா ஒரு ராத்திரி தண்ணியில போட்டுக் காயவெச்சுக் கொடுங்க. ஒரு வாரத்துக்கு எத்தனை முடியுமோ அத்தனைதான் வாங்குவேன். ஆடி நோம்பிக்கு வேணும்னா ஆனி பாதிக்குள்ள துணி வந்துடணும். அதுக்கப்புறம் யார் வந்தாலும் நோம்பி முடிஞ்சுதான்.