சின்ன பட்ஜெட் படம் வீட்ல பார்த்தா வசனம் கேக்கல, ராத்திரி சீன் சாம்பலா இருக்கு. கோளாறு படத்துலயா, டிவிலயா?

வியாசர்பாடி ரசிகன்:
வணக்கம். சின்னப் படம் நம்ம பக்கம் தியேட்டர்ல ஒரு வாரம் நின்னாலே பெரிசு. அகஸ்தியா தியேட்டரும் 2020ல மூடியாச்சு. அதனால வீட்லதான் பார்க்கறது. 43 இஞ்ச் டிவி, அதுல ஓடிடி பார்க்க சொருகற ஸ்டிக், ப்ளூடூத்ல சவுண்ட்பார், நெட்டுக்கு போன் ஹாட்ஸ்பாட். வசனம் அமுங்குது, பாட்டு வந்தா காது கிழியுது. உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். இருட்டு சீன்ல முகமே தெரியல. பெரிய படத்துல இவ்வளவு தெரியறதில்ல. காசு இல்லாம மட்டமா எடுத்துட்டாங்களா, இல்ல செட்டிங்கா? எப்படிங்க பிரிச்சுப் பார்க்கறது?

புதுவண்ணை ஸ்பீக்கர்:
முதல்ல ப்ளூடூத்தைக் கழட்டுங்க. அதுல சத்தம் லேட்டா வரும். டிவி அதை ஈடு கட்டலன்னா 0.2 செகண்ட் வரைக்கும்கூடப் பிந்தும். டப்பிங் மோசம்னு படத்தைத் திட்டுவோம். நியூஸ் சேனல் போட்டுப் பாருங்க, அங்கயும் உதடு பிசகினா கோளாறு உங்க செட்ல. டிவியில ஏஆர்சின்னு எழுதின ஹெச்டிஎம்ஐ ஓட்டைல இருந்து சவுண்ட்பாரோட அதே பேர் ஓட்டைக்கு ஒயர் போடுங்க. பர்மா பஜார்லயே கிடைக்கும்.

வசனம் அமுங்கறதுக்குக் காரணம் வேற. 5.1 மிக்ஸ்ல, அதாவது ஆறு ஸ்பீக்கருக்குப் பிரிச்ச ஒலியில, வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குத்தான் போகும். உங்களுக்கு நடு ஸ்பீக்கர் இல்லன்னா அதை இடது, வலதுல கலந்து விடுவாங்க. அந்தக் கலவையில இசை மேல ஏறி, பேச்சு கீழ போயிடும். ஸ்டிக்கோட ஆடியோ செட்டிங்ல ஸ்டீரியோ அல்லது பிசிஎம்னு இருக்கறதை வைங்க. சவுண்ட்பார்ல வாய்ஸ் மோடும் நைட் மோடும் இருந்தா ரெண்டையும் போடுங்க. நைட் மோடு சத்த ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும், லைன் வீட்ல பொதுச்சுவர் பக்கத்துக்காரங்களும் தூங்கலாம்.

அப்புறம் அதே சீனை போன்ல ஒயர் ஹெட்போன் போட்டுக் கேளுங்க. தெளிவா இருந்தா படத்து மேல தப்பில்ல. அங்கயும் சட்டை உரசற கரகரப்பு கேட்டா, சட்டைக்குள்ள மாட்டின லேப்பல் மைக் சத்தத்தை அப்படியே விட்டிருக்காங்க. பேச்சு முடிஞ்சதும் சத்தம் மொத்தமா செத்துப்போனா, டப்பிங் ரூம் குரலுக்கு அடியில தெருச் சத்தம் போடல. இந்த ரெண்டும் நிஜமான குறை. எந்த செட்டிங்கும் சரி பண்ணாது.

எண்ணூர் லென்ஸ்:
சத்தம் ஆச்சு, காட்சிக்கு நான் சொல்றேன். ராத்திரி சீனுக்கு ஜெனரேட்டர் வண்டியும் பெரிய லைட்டும் வாடகைக்கு எடுக்கக் காசு இல்லன்னா, தெருவிளக்கை நம்பி கேமராவோட ஐஎஸ்ஓவை, அதாவது குறைஞ்ச வெளிச்சத்தைத் தூக்கிக் காட்டற அளவை, ஏத்துவாங்க. அப்ப இருட்டுல பொடிமணல் அசையற மாதிரி புள்ளி வரும். அது படத்தோடது. நெட் மெதுவா இருந்தா அந்தப் புள்ளியெல்லாம் வழிச்சுக்கிட்டுப் போய், இருட்டு கட்டம் கட்டமா நிக்கும். சீனை நிறுத்தி சுவரோரத்தைப் பாருங்க. மணலா இருந்தா கேமரா, சதுரமா இருந்தா நெட்.

1080ல, அதாவது ஃபுல் ஹெச்டில, பார்க்க நெட் வேகம் 5 எம்பிபிஎஸ் நிலையா வரணும். ஹாட்ஸ்பாட்ல சாயங்காலம் அது ஏறி இறங்கும். ஆப்ல டேட்டா சேவரை அணைங்க, குவாலிட்டியை ஆட்டோல விடாதீங்க.

டிவியை விவிட்ல இருந்து சினிமா மோடுக்கு மாத்துங்க. மோஷன் ஸ்மூத்திங்கையும் நாய்ஸ் ரிடக்‌ஷனையும் அணைங்க. செகண்டுக்கு 24 ஃப்ரேம் ஓடற படத்தை சீரியல் மாதிரி வழவழன்னு ஆக்கறது முதலாவது. முகத்தை மெழுகு பூசின மாதிரி ஆக்கறது ரெண்டாவது. முகத்தைச் சுத்தி வெள்ளைக்கோடு மறையற வரைக்கும் ஷார்ப்னஸை இறக்குங்க. எதிர் ஜன்னலுக்குத் திரை போட்டு, டியூப்லைட்டை அணைச்சு, டிவிக்குப் பின்னால சின்ன எல்இடி பட்டை ஒட்டினா பாதி சாம்பல் போயிடும். ‘பிரைட்னஸை’ ஏத்தாதீங்க, கறுப்பு வெளுத்துடும். வெளிச்சம் வேணும்னா ‘பேக்லைட்’ ஏத்துங்க.

வியாசர்பாடி ரசிகன்:
ஒயர் போட்டதும் உதடு சரியாயிடுச்சுங்க. ஜன்னலைத் திரை போட்டு மூடியாச்சு. சுவரோரத்துல சதுரம்தான் இருக்கு, ஆக நெட்தான். கேபிள்காரர்கிட்ட ஃபைபர் கேட்டிருக்கேன்.

தண்டையார்பேட்டை வாசகன்:
ஒண்ணு சேர்த்துக்கறேன். காசு குறைஞ்சா சத்தம் மட்டமாத்தான் இருக்கணும்னு இல்லைங்க. ‘ஒத்த செருப்பு சைஸ் 7’ (2019) பாருங்க, திரையில பார்த்திபன் ஒருத்தர்தான், மத்தவங்க எல்லாம் குரலா மட்டும் வருவாங்க. ஒலிக்கலவைக்கு ரசூல் பூக்குட்டிக்குத் தேசிய விருது கிடைச்ச படம். உங்க செட்டிங்கைச் சோதிக்க அதைவிட நல்ல படம் இல்ல. திரைக்கு வெளிய இருக்கற ஒவ்வொரு குரலும் தனித்தனியா காதுல விழணும்.

புள்ளியையும் ஆடற கேமராவையும் நான் மன்னிச்சுடுவேன். மன்னிக்காதது, 90 நிமிஷக் கதையை 140 நிமிஷம் இழுக்கறது. அதைச் சுருக்க லைட் வாடகை தேவையில்ல, எடிட் மேசையில துணிச்சல் இருந்தா போதும்.