புல்லாங்குழல் ஏந்திய பெண்: வெர்மீரின் கையா, வேறொருவர் கையா?

நீலவண்ணன்:
வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ள ‘புல்லாங்குழல் ஏந்திய பெண்’ என்ற இந்த மரப்பலகை ஓவியத்தின் உயரம் ஏறத்தாழ 20 செ.மீ. மட்டுமே. 1906இல் பிரெடியஸ் என்ற டச்சு அறிஞர் பிரஸ்ஸல்ஸில் இதைக் கண்டு, பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர் யொஹானெஸ் வெர்மீர் வரைந்தது என்றார். 1942இல் வைடனர் குடும்பத்தின் ஓவியத் தொகுப்புடன் வாஷிங்டனுக்கு வந்தது. 2022 அக்டோபரில் அந்தக் கூடமே, இது வெர்மீரின் ஓவியமன்று, அவருடைய முறைகளை அருகிலிருந்து அறிந்த ஒருவருடையது என்று அறிவித்தது. அந்த முடிவை நான் ஏற்கிறேன். வெர்மீர் அடிப்பூச்சில் கரகரப்பான நிறமியையும், மேற்பூச்சில் நன்கு அரைத்த நிறமியையும் இடுபவர். இதிலோ அந்த வரிசை தலைகீழாக உள்ளது. முகத்தின் நிழலில் பச்சை மண் நிறமி திட்டுத்திட்டாகத் தேங்கி நிற்கிறது.

ஆவணத்தேடல்:
அந்த ‘ஒருவர்’ யார் என்பதற்கு எந்தச் சான்றும் இல்லையே, ஐயா! 1653 டிசம்பரில் டெல்ஃப்ட் நகரின் ஓவியர் சங்கத்தில் சேர்ந்த வெர்மீர் பின்னர் அதன் தலைவர்களுள் ஒருவராகவும் இருந்தார். மாணவர்களைச் சங்கத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பது விதி. அவர் பெயரில் ஒரு மாணவர் கூடப் பதிவாகவில்லை. ஓர் ஓவியம் மனத்துக்கு நிறைவளிக்கவில்லை என்பதற்காக, ஆவணங்களில் இல்லாத ஒரு பட்டறையையே நாம் கட்டி எழுப்புவது முறையா? ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் 2023ஆம் ஆண்டுக் கண்காட்சியில் இதை வெர்மீரின் பெயரிலேயே தொங்கவிட்டது.

தாமரைச்செல்வி:
பதிவு இல்லை என்பது பட்டறை இல்லை என்பதற்குச் சான்றாகாது. வெர்மீரின் மூத்த மகள் மரியாவே தந்தையிடம் பயின்று வரைந்திருக்கலாம் என்ற ஊகமும் உண்டு. அதற்கும் ஆவணம் இல்லை என்பதால் நான் அதை வலியுறுத்தவில்லை. ஆனால் பிரெடியஸின் கண்ணை நம்பி வாதிடுவதை மட்டும் ஏற்க முடியாது. 1937இல் வான் மேகரென் தீட்டிய போலி ஓவியத்தை வெர்மீரின் தலைசிறந்த படைப்பு என்று போற்றியவரும் அவரே. அதே வாஷிங்டன் கூடத்தில் உள்ள, வெர்மீரின் ‘சிவப்புத் தொப்பிப் பெண்’ ஓவியத்தை இதனருகே வைத்துப் பாருங்கள். அதுவும் பலகையில் வரைந்த சிற்றோவியம்தான். அதிலும் முகத்து நிழலில் பச்சை உண்டு. ஆனால் அங்கே அந்தப் பச்சை தோலின் நிறத்தோடு கலந்து உயிர் பெறுகிறது. இங்கே அந்த நுட்பத்தை அறிந்த கை இருக்கிறது, அதை நிறைவேற்றும் திறன் இல்லை.

ஆவணத்தேடல்:
அம்மா, பிரெடியஸின் பிழையை நான் மறுக்கவில்லை; என் வாதம் அவரைச் சார்ந்ததுமன்று. இந்த ஓவியத்தின் மேற்பரப்பு காலப்போக்கில் தேய்ந்துள்ளது. தேய்ந்த மேற்பூச்சை, நன்கு காக்கப்பட்ட மற்றோர் ஓவியத்தின் மேற்பூச்சோடு ஒப்பிட்டுத் திறமைக் குறைவு என்று தீர்ப்பளிப்பது எனக்குத் தயக்கம் தருகிறது. ஒரே ஓவியர் புதிய முறையொன்றைச் சோதித்துப் பார்த்துத் தவறவும் கூடும்.

நீலவண்ணன்:
தேய்மானம் மேலிருப்பதை நீக்கும். நிறமியை அரைத்த பக்குவத்தை மாற்றாது. தூரிகையின் மயிரிழைகள் வண்ணத்திலேயே சிக்கிக் கிடப்பதையும் தேய்மானத்தால் விளக்க முடியாது. 1696இல் ஆம்ஸ்டர்டாமில் வெர்மீரின் 21 ஓவியங்கள் ஏலத்துக்கு வந்தபோது, பட்டியலில் மூன்று முக ஓவியங்கள் இருந்தன. அவற்றுள் இதுவும் ஒன்று என்று சிலர் கருதினாலும், அந்தக் குறிப்பில் தொப்பியும் இல்லை, குழலும் இல்லை. ஆகவே 1696ஐக் காட்டி இதை வெர்மீரிடம் சேர்க்க இயலாது; வண்ண அடுக்குகள் சொல்வதையே நான் முதன்மையாகக் கொள்கிறேன்.