டோரிக் லென்ஸின் அச்சு விலகியிருக்கிறது: திருப்பி வைத்தவர்களின் அனுபவம் தேவை

என் தாயாரின் வலது கண்ணில் சென்ற மாதம் கண்புரை அறுவை சிகிச்சை செய்து, கருவிழியின் சீரற்ற வளைவால் வரும் சிலிண்டர் பவரையும் சேர்த்துச் சரிசெய்யும் டோரிக் லென்ஸைப் பொருத்தினார்கள். முதல் சில நாட்கள் தெளிவாக இருந்த பார்வை பிறகு மங்கி, எழுத்துகள் ஒரு பக்கமாக இழுபட்டு நிழலோடு தெரிகின்றன. வலியோ சிவப்போ இல்லை.

கண்பாவையை விரித்துப் பார்த்தபோது, 90 டிகிரியில் நிற்க வேண்டிய லென்ஸ் அச்சு 75 டிகிரியில் இருப்பது உறுதியானது. ஒரு டிகிரி விலகினாலே சிலிண்டர் திருத்தத்தில் சுமார் 3.3 சதவீதம் குறையும் என்பதால், ஏறத்தாழ பாதிப் பயன் போய்விட்டது.

கண் உலர்வுக்கான சொட்டு மருந்து பலன் தரவில்லை. விழித்திரை ஸ்கேனில் வீக்கமில்லை, கண் அழுத்தமும் இயல்பாகவே உள்ளது. கண்ணாடி போட்டால் எழுத்து தெளிகிறது. ஆனால் தரை சாய்வாகத் தெரிவதால் படியிறங்க அஞ்சுகிறார், எங்களுக்கு அதுவே பெருங்கவலை.

அறுவை செய்த மருத்துவர் கண்ணாடியே போதும் என்கிறார். இன்னொருவரோ, லென்ஸைத் தாங்கும் உறை இறுகி ஒட்டிக்கொள்ளும் முன் திருப்பி வைப்பதே எளிது என்கிறார். அவர் சொல்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

இப்படித் திருப்பி வைத்துக்கொண்டவர்களுக்கு, லென்ஸ் அதன் பிறகு அதே அச்சில் நிலைத்து நின்றதா?