பழைய பாகத்தில் ஸ்ட்ரீமிங் கணினி: வாங்கப் போன இடத்து அனுபவங்கள்

உட்லண்ட்ஸ்காரன்:
தம்பி மகனுக்கு கேமும் ஆடணும், ட்விட்ச்சில் நேரலையும் போடணும். கையில் இருந்தது 700 சிங்கப்பூர் வெள்ளி. கணினிக் கடைகள் இருக்கிற சிம் லிம் ஸ்குவேரில் எல்லாமே புதுசாக் கேட்டா கட்டுப்படி ஆகாது. அதனால பவர் சப்ளை, எஸ்எஸ்டி, கேஸ் மட்டும் புதுசு. மத்ததெல்லாம் பழைய பொருள் விக்கிற கெரோசல் செயலியில் பழசு.

கிராஃபிக்ஸ் கார்டு விஷயத்துலதான் பலர் கோட்டை விடுறாங்க. விலை மலிவுன்னு அவன் ஜிடிஎக்ஸ் 1650 பார்த்து வச்சிருந்தான். வேண்டாம்னேன். நேரலைக்கு வீடியோவைச் சுருக்கித் தர்ற, கார்டுக்குள்ளயே இருக்கிற பகுதிதான் என்வென்க். பெரும்பாலான சாதா 1650 கார்டுல அது முந்தைய வோல்டா தலைமுறை. 1650 சூப்பர், 1660 சூப்பர்ல அடுத்த தலைமுறையான டூரிங் என்வென்க். ட்விட்ச்சுக்கு வழக்கமா அனுப்புற 6000 கேபிபிஎஸ் (நொடிக்கு 6000 கிலோபிட்) அளவுக்குள்ள, ஓட்டமும் சுடுறதுமா இருக்கிற காட்சி கட்டம் கட்டமா உடையுறது இதுல குறைவு. கேம் மட்டும் ஆடுறவங்களுக்கு இந்தக் கவலை இல்ல.

தேசிய சேவைக்குக் கிளம்புற ஒரு பையன் ஈசூன்ல மொத்தமா வித்தான்: ரைசன் 5 3600, பி450 போர்டு, 16 ஜிபி ராம், 1660 சூப்பர். "கழட்டித் தரேண்ணே"ன்னு சிப் மேல இருக்கிற கூலரை நேரா மேல இழுக்கப் போனான். "இரு தம்பி, முதல்ல கொஞ்ச நேரம் கேம் ஓடட்டும்"னேன். இந்த ரைசன் மாதிரி ஏஎம்4 சாக்கெட்ல உட்கார்ற சிப்புக்குப் பின்னெல்லாம் சிப்போட அடியில. சிப்புக்கும் கூலருக்கும் நடுவுல தடவுற பேஸ்ட் காஞ்சு ஒட்டிக்கிட்டா, நெம்புகோல் பூட்டியிருந்தாலும் சாக்கெட்டை விட்டுப் பிடுங்கிக்கிட்டு வந்துடும். சூட்டுல பேஸ்ட் இளகும்; அதனால சூடேறினதும் அணைச்சு, கூலரை இடமும் வலமும் லேசாத் திருகினோம், வழுக்கிக்கிட்டு வந்துச்சு. கைபேசி விளக்கைச் சாய்ச்சுப் பிடிச்சுப் பின் வரிசையைப் பார்த்தேன், எல்லாம் நேரா இருந்துச்சு. அவன் கேம் ஓட்டின நேரத்துலயே கார்டோட விசிறிச் சத்தத்தையும் சூட்டையும் பார்த்தாச்சு. பையனோட அம்மா தேத்தண்ணி கொடுத்து, "இனியாவது மேசை காலியாகும்"னாங்க.

பொங்கோல்வாசி:
உங்களை வீட்டுக்குள்ள விட்டாங்க, கொடுத்து வச்சவர். நான் ஒரு கார்டை எம்ஆர்டி ரயில் நிலைய வாசல்ல வாங்கினேன். 2022 செப்டம்பர்ல கார்டுகளை வச்சு எத்திரியம்கிற மின்காசு எடுக்குற மைனிங் நின்னதும் அந்தக் கார்டுகள் சந்தையில கொட்டிச்சே, அந்த நேரம். "ஓடுற வீடியோ அனுப்பினேனே பிரதர்"ன்னார் வித்தவர். பேநவ்ல பணம் அனுப்பிட்டேன். வீட்ல கார்டை முழு வேகத்துல சோதிக்கிற ஃபர்மார்க் மென்பொருளைப் போட்டதும் திரை கறுத்துடுச்சு. கேட்டா பதில் இல்ல, பிளாக் பண்ணிட்டார். மைனிங் கார்டுன்னாலே ஆகாதுன்னு சொல்ல மாட்டேன், நண்பரோடது இன்னும் ஓடுது. ஆனா பிளக் பாயின்ட் இல்லாத இடத்துல இனி கார்டு வாங்குறதா இல்ல.

தோபாயோ ராஜா:
பவர் சப்ளை ஏன் புதுசு? அதையும் பழசா எடுத்திருந்தா இன்னும் மிச்சமாயிருக்குமே?

உட்லண்ட்ஸ்காரன்:
உள்ள கப்பாசிட்டர் எவ்வளவு தேய்ஞ்சிருக்குன்னு வெளியிலிருந்து தெரியாது ராஜா. இன்னொண்ணு, பழசா விக்கிற மாடுலர் (ஒயரைத் தனியா கழட்டுற) பவர் சப்ளையில பாதி ஒயர் காணாம இருக்கும். வேற பிராண்டு ஒயரைச் சொருகிடாதீங்க. முனை பொருந்தும், உள்ள மின்சாரம் வர்ற வரிசை வேறயா இருக்கும். சுவிட்சைப் போட்டதும் எஸ்எஸ்டி, போர்டு எல்லாம் போயிடலாம்.