கைரோபிராக்டர் சொல்லும் தத்துவம்: மருத்துவமா, மதமா?

கேள்வி: பாலன், ஸ்காபரோ

கிடங்கில் பெட்டி தூக்குகிற வேலை எனக்கு. போன மாதம் இடுப்புப் பிடித்து, குனிந்து சப்பாத்து நாடா கட்ட முடியாத நிலை. மச்சான் ஒரு கைரோபிராக்டரிடம், அதாவது முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சிகிச்சை செய்பவரிடம், கூட்டிப் போனார். பக்கவாட்டில் சரித்து ஒரு அழுத்து, 'படக்' என்று சத்தம். எழும்பி நின்றால் பாதி வலி இல்லை, பொய் சொல்லக் கூடாது.

பிரச்சினை அதற்குப் பிறகுதான். முதுகு முழுவதற்கும் எக்ஸ்ரே. 36 தடவை வர வேண்டுமாம், மொத்தமாகக் கட்டினால் கழிவு. சுவரில் ஒரு படம், முதுகெலும்பிலிருந்து ஒவ்வொரு உறுப்புக்கும் கோடு இழுத்திருந்தது. எலும்பு விலகினால் உடம்புக்குள் இருக்கிற 'இன்னேட்' என்ற பிறவி அறிவு தடைப்படுமாம். மகனுக்கு அடிக்கடி காது வலி என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன், அவனையும் கூட்டி வரச் சொல்கிறார். இவர்கள் ஆராய்ச்சி என்று ஏதாவது செய்திருக்கிறார்களா, இல்லை எல்லாம் நம்பிக்கைதானா?

பதில்: ரவி

எனக்கு நாலே தடவையில் சுகம். சுகம் வந்தால் சரி, தத்துவம் எதற்கு அண்ணை?

பதில்: ஃபிசியோ அக்கா

ரவி, தத்துவத்துக்கும் சேர்த்துத்தானே அவர் 36 தடவை காசு கட்டப் போகிறார்!

பாலன், நான் பதினோரு வருடமாக ஒரு கைரோபிராக்டருக்குப் பக்கத்து அறையில் ஃபிசியோ வேலை செய்கிறேன். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வாருங்கள், இது கொஞ்சம் நீளம்.

கைரோபிராக்டிக் என்ற இந்தச் சிகிச்சையைத் தொடங்கியவர் டி. டி. பாமர். பிறந்தது இங்கே ஒன்ராறியோவில்தான், போர்ட் பெரியில் அவர் பெயரில் நினைவுப் பூங்கா இருக்கிறது. அயோவாவின் டேவன்போர்ட்டில் காந்த சிகிச்சை செய்துகொண்டிருந்தவர், 1895 செப்டெம்பரில் ஹார்வி லில்லார்ட் என்ற காது கேளாத துப்புரவுத் தொழிலாளியின் முதுகெலும்பை அழுத்தியதும் அவருக்குக் காது கேட்டது என்றார். காதின் நரம்போ மண்டைக்குள்ளேயே மூளைக்குப் போய்விடுகிறது, முதுகுப் பக்கம் இறங்குவதே இல்லை. உங்கள் மகனின் காதுக் கதை எங்கிருந்து வருகிறது என்று இப்போது விளங்கும்.

1907இல் விஸ்கான்சினின் லா குராஸில் மோரிகுபோ என்ற கைரோபிராக்டர் மேல் வழக்கு, உரிமம் இல்லாமல் ஒஸ்டியோபதி (எலும்பு, தசையைக் கையால் சரிசெய்யும் இன்னொரு மருத்துவ முறை) செய்தார் என்று. அவருடைய வக்கீல் டாம் மோரிஸ், "இது வேறு தொழில், இதற்குத் தனித் தத்துவம் உண்டு" என்று வாதாடி வென்றார். அன்றிலிருந்து தத்துவம் அவர்களுக்குக் கேடயமாகிவிட்டது. பிழைப்பையே காப்பாற்றிய ஒன்றை யார் கீழே வைப்பார்கள்? மருத்துவர்கள் மேல் அவர்களுக்கு இருக்கிற கோபமும் நியாயமானதுதான். அமெரிக்க மருத்துவச் சங்கம் இந்தத் தொழிலை ஒழிக்கவென்றே குழு போட்டு வேலை செய்தது, 1987இல் அது சட்டவிரோதம் என்று தீர்ப்பு வந்தது.

ஆராய்ச்சி இருக்கிறது. 1998இல் இடுப்பு வலிக்காரர் 321 பேரை வைத்து ஒரு ஆய்வு வந்தது. சிலருக்குக் கைரோபிராக்டிக், சிலருக்கு மெக்கென்ஸி முறை (உடற்பயிற்சி வழி) ஃபிசியோ, மற்றவர்களுக்கு இடுப்பு வலி பற்றிய ஒரு சின்னப் புத்தகம் மட்டும். வலி குறைந்ததில் சிகிச்சைகள் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், புத்தகத்தை விட முன்னால் நின்றதும் கொஞ்சம்தான். ஆனால் கவனிப்பு நன்றாக இருந்தது என்று சொன்னவர்கள் சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 75 பேர், புத்தகக்காரரில் 30 பேர். ஆள் தொட்டுப் பார்த்துக் கதைப்பதற்கு அவ்வளவு மதிப்பு! (என் தொழிலுக்கும் அதே குட்டுத்தான்.)

இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன் பார்க்கக்கூடியவற்றில் ஒன்றாக, 2017இல் அமெரிக்க மருத்துவர்களின் வழிகாட்டியிலும் கையால் அழுத்தும் சிகிச்சை இடம்பெற்றது. 'விலகிய எலும்புதான் நோய்க்குக் காரணம்' என்பதற்கோ ஆதாரம் இல்லை என்று பிரிட்டனின் கைரோபிராக்டிக் ஒழுங்குமுறைக் கவுன்சிலே 2010இல் சொல்லிவிட்டது. அந்தப் 'படக்' சத்தமும் எலும்பு இடத்தில் போய் உட்கார்வதல்ல, மூட்டு நீரில் உண்டாகும் வாயுக்குழி. 2015இல் அல்பெர்ட்டாவில் எம்ஆர்ஐக்குள் ஒருவரின் விரலை நெட்டி முறித்துப் படமே எடுத்தார்கள்.

ஆகவே இடுப்புக்குப் போங்கள். பிள்ளையின் காதுக்கு வேண்டாம், குடும்ப டொக்டரிடம் காட்டுங்கள்.

பதில்: மூன்றாம் வருட மாணவி

நான் படிப்பதே கைரோபிராக்டிக்தான் அக்கா. எங்கள் வகுப்பில் 'இன்னேட்' என்றால் பாதிப்பேர் சிரிப்பார்கள், பாதிப்பேர் முகம் சுருக்குவார்கள். எனக்குத் தத்துவம் வேண்டும், ஆனால் வேறு தத்துவம். போன கிழமை பயிற்சி கிளினிக்கில் ஒரு ஆச்சி, "பிள்ளை, உன் கை பட்டதும் போய்விட்டது" என்றார். வலி வந்து ஐந்தாம் கிழமை அது. நான் தொடாவிட்டாலும் போயிருக்குமா? குறிப்பேட்டில் 'முன்னேற்றம்' என்று எழுதப் பேனாவை எடுத்தவள் கொஞ்ச நேரம் எழுதாமலே இருந்தேன். டென்மார்க்கின் ஓடன்சேயில் கைரோபிராக்டிக் மாணவர்கள் மருத்துவ மாணவர்களோடு ஒரே வகுப்பில் இருந்து படிக்கிறார்கள். இந்தக் கேள்வி அங்கே முதல் வருடமே வந்திருக்கும்.

பாலன்

எல்லோருக்கும் நன்றி. நேற்றுப் போய், "ஆறு தடவை பார்த்துவிட்டு மறுபடி சோதிக்கலாமா, 36 என்ற கணக்கு எப்படி வந்தது?" என்று கேட்டேன். டொக்டர் வாய் திறப்பதற்குள் வரவேற்பில் இருந்த பிள்ளை என்னிடம் திருப்பிக் கேட்டது: "அங்கிள், உங்கள் வேலையிட இன்சூரன்ஸ் வருடத்துக்கு எவ்வளவு தரும்?"