அப்பாவுக்கு வேலை போன வருஷம்

சின்ன வயதில் பட்ட பணக்கஷ்டம் பெரியவர்களான பிறகு நாம் போடும் ஓட்டில் தெரியுமா என்று இங்கே ஒருவர் கேட்டிருந்தார். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

அப்பா வேலை பார்த்த ஆலையை மூடியபோது எனக்கு ஒன்பது வயது, அண்ணனுக்கு இருபது. கடன் கொடுத்தவர் கதவைத் தட்டினால் அம்மா விளக்கை அணைத்துவிடுவாள். "அப்பா இல்லைன்னு சொல்லு" என்று என்னைத்தான் அனுப்புவார்கள். குழந்தையைத் திட்ட மாட்டார் என்று ஒரு கணக்கு. அப்பா கதவுக்குப் பின்னாலேயே நிற்பார். கதவின் அடியில் அவருடைய கால் விரல்கள் மட்டும் எனக்குத் தெரியும். அவற்றைப் பார்க்காமல் பொய் சொல்லப் பழகிக்கொண்டேன்.

அண்ணன் அப்போதுதான் படிப்பை முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தான். தன்னைவிட நல்ல மதிப்பெண் வாங்கியவர்களும் வெறுங்கையோடு திரும்புவதைப் பார்த்தவன். "உழைச்சா முன்னுக்கு வரலாம்" என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் சிரிப்பான். வசதியானவர்களிடம் வரியைக் கூட்டி, வேலையில்லாதவர்களுக்கு அரசு உதவித்தொகை தர வேண்டும் என்பான். நான் நேர் எதிர். எங்கள் கதவை எந்த அரசும் தட்டியதில்லை. கடன் வாங்கிச் செலவு செய்கிற ஆட்சி எதையும் எனக்குப் பிடிக்காது. வீட்டுக் கடனும் நாட்டுக் கடனும் ஒன்றல்ல என்று பொருளாதாரம் படித்த தோழி பத்து தடவை விளக்கிவிட்டாள். புரியத்தான் செய்கிறது. ஆனாலும் 'பட்ஜெட் பற்றாக்குறை' என்று காதில் விழுந்ததும் அந்தக் கால் விரல்கள்தான் கண்ணுக்கு முன்னால் வருகின்றன.

ஜூலியானோ, ஸ்பிலிம்பெர்கோ என்ற இரு பொருளாதார அறிஞர்கள் அமெரிக்கக் கருத்துக்கணிப்புகளை வைத்து ஓர் ஆய்வு செய்திருக்கிறார்கள். 18 முதல் 25 வயதுக்குள் பொருளாதார மந்தநிலையில் சிக்கியவர்கள், வாழ்க்கையில் ஜெயிப்பதற்கு உழைப்பைவிட அதிர்ஷ்டம்தான் காரணம் என்று நம்புகிறார்களாம். அரசு செல்வத்தைப் பகிர்ந்து கொடுக்க வேண்டும் என்றும் கேட்கிறார்களாம். அண்ணனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எழுதியது போல இருந்தது. ஒன்பது வயதுக்காரிக்குத்தான் அதில் இடமில்லை.

* * *

அக்கா, எங்கள் வீட்டில் வேலை போகவில்லை, சேமிப்பு போனது. என் மேல்படிப்புக்கென்று அப்பா பதினைந்து வருஷம் கட்டிய காப்பீட்டுப் பணம் கைக்கு வந்தபோது, ஒரு செமஸ்டர் கட்டணத்துக்கே போதவில்லை. யாரும் திருடவில்லை. விலைவாசி தின்றுவிட்டது. அப்பா அந்தக் காசோலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார், பின்பக்கம் இன்னொரு தொகை எழுதியிருக்கும் என்பது போல.

அதனாலோ என்னவோ, வேலைவாய்ப்பைப் பற்றி ஒரு கட்சி எவ்வளவு பேசினாலும் எனக்கு ஏறுவதில்லை. விலையைக் கட்டுப்படுத்துவார்களா என்பதுதான் என் ஒரே கேள்வி. இது என் பலவீனம் என்றே நினைத்திருந்தேன். அப்புறம் மால்மெண்டியர், நாகல், யான் என்ற பொருளாதார அறிஞர்களின் ஆய்வைப் பற்றிப் படித்தேன். அமெரிக்க மத்திய வங்கியில் வட்டி விகிதத்தை முடிவு செய்யும் குழுவினரிலும், வாழ்நாளில் அதிகப் பணவீக்கத்தை, அதாவது விலைவாசி ஏற்றத்தைப் பார்த்தவர்கள், அதை அடக்க வட்டியை உயர்த்தும் பக்கமே சாய்கிறார்களாம். அத்தனை புள்ளிவிவரமும் மேசையில் இருக்கும் அவர்களுக்கே இப்படியென்றால் நான் எந்த மூலைக்கு!

* * *

நீங்கள் இருவரும் சொல்வதைப் பார்த்தால் கஷ்டப்பட்டால்தான் மனதில் பதியும் போலிருக்கிறது; அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சௌகரியமும் அதே அளவுக்குப் பதியும். ஜெர்மனி 1990-இல் ஒன்றிணைந்த பிறகும், கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருந்த கிழக்கு ஜெர்மனியில் வளர்ந்தவர்கள் மேற்கு ஜெர்மானியர்களைவிட அதிகமாக அரசின் பாதுகாப்பை எதிர்பார்த்ததாக பொருளாதார அறிஞர்கள் அலெசினாவும் ஃபுக்ஸ்-ஷுண்டெல்னும் 2007-இல் எழுதினார்கள். அந்த வித்தியாசம் மறைய ஒன்றிரண்டு தலைமுறை ஆகலாம் என்பது அவர்கள் கணிப்பு. வேலைக்கு அரசே பொறுப்பு என்று இருந்த ஊரில் வளர்ந்தவர்களின் பழக்கம் அது.

என் கதையும் சௌகரியக் கதைதான். மாதச் சம்பளம் தவறாத வீடு. அலுவலகத்தில் ஆட்குறைப்பு நடந்த அன்று, பக்கத்து மேசைக்காரர் மகளின் படத்தை அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். "வேற எங்கயாவது கிடைச்சிடும் சார்" என்றேன். ஆறுதலாகச் சொன்னதாக வருஷக்கணக்கில் நம்பிக்கொண்டிருந்தேன். வேலை கிடைக்காமலும் போகும் என்பது எனக்குத் தெரியவே தெரியாது, அவ்வளவுதான்.

* * *

முதலில் எழுதியவள்தான். இதையெல்லாம் படித்துவிட்டு நேற்று அண்ணனுக்குப் போன் போட்டேன். அந்தக் கதவு தட்டும் சத்தம் ஞாபகம் இருக்கா என்று கேட்டேன். இல்லையாம். அந்த நேரத்தில் அவன் வீட்டில் இருந்ததே இல்லையாம். விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஏதாவதொரு வாசலில் வரிசையில் நின்றிருப்பானாம். "அந்த வரிசை உனக்கு ஞாபகம் இருக்கா?" என்று திருப்பிக் கேட்டான்.

எனக்கு அப்படியொரு வரிசை இருந்ததே தெரியாது. அண்ணன் வெளியே சுற்றப் போகிறான் என்றுதான் அம்மா சொல்லியிருந்தாள்.