‘வைன்’ (ஆங்கிலத்தில் whine, மூக்கால் இழுத்து நச்சரிப்பது) பண்ணாதே என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா? உங்கள் அனுபவம் எழுதுங்கள்

கங்காணி பேரன் (சுங்கை சிப்புட், மலேசியா):
நேராக விஷயத்துக்கு வருகிறேன். மகளைப் பாலர் பள்ளியிலிருந்து கூட்டிவருவது என் அப்பாதான். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி ஓய்வு பெற்றவர், மலாய் சரளமாக வரும், ஆங்கிலம் பாதி புரியும். கள்ளை நிறுத்தி வருஷக்கணக்காகிறது, அதில் அவருக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. போன வாரம் கேட்டுக்கு வந்த டீச்சர் ‘அங்கிள், ஷீ வைன்ஸ் அ லாட்’ என்று சொல்ல, இவர் தலையில் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ‘அஞ்சு வயசுப் புள்ள வைன் குடிக்குதா? யாரும்மா பார்த்தது?’ என்று கத்திவிட்டார். நான் பின்னால் காரில் இருந்தேன், எல்லாம் காதில் விழுந்தது. டீச்சர் சிரித்தார், மற்ற பெற்றோரும் சிரித்தார்கள். அப்பா இப்போது அந்தப் பக்கம் போகவே மாட்டேன் என்கிறார். குடும்பத்தில் இதை ஜோக்காகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள், எனக்கு என்னவோ சிரிப்பு வரவில்லை. மகளைக் கேட்டால், பாத்ரூம் போக வேண்டும் என்பதை இங்கிலீஷில் சொல்லத் தெரியாமல் ‘டீச்சர்ர்ர்’ என்று இழுத்துக் கூப்பிட்டிருக்கிறாள், அவ்வளவுதான். இதற்குப் பெயர் வைனா?

நைட் ஷிப்ட் ஃபிட்டர்:
செம்பனை (பாமாயில்) ஆலையில் எங்களுக்கு இந்தச் சொல் தினமும் வரும், ஆனால் மனுஷனுக்கு இல்லை, கியர்பாக்ஸுக்கு. ராத்திரி ஒரு மெஷினில் சத்தம் மாறியது. வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த எஞ்சினியருக்குப் போன் போட்டால் ‘வைனா, கிரைண்டா?’ என்கிறார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது, போனைக் கியர்பாக்ஸ் பக்கத்தில் நீட்டிப் பிடித்தேன், நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள் என்று. அதுதான் இன்னும் மண்டையில் நிற்கிறது, சூட்டில் கை நடுங்க, அந்தப் பக்கம் ஒருத்தர் கண்ணை மூடிக்கொண்டு காதால் வைத்தியம் பார்க்கிறார். வைன் என்றால் ஒரே சீராக ‘கீ…ய்ங்’ என்று மெல்லிய சத்தம், வேகம் கூடினால் சத்தமும் மேலே ஏறும். கிரைண்ட் என்றால் இரும்பும் இரும்பும் உரசுவது. முதலாவதாக இருந்தால் எண்ணெய் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஓட்டலாமா என்று யோசிப்பார்கள், இரண்டாவது என்றால் உடனே நிறுத்து. கார் ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது வருகிற சத்தமும் இதே ஜாதிதான், பெரும்பாலும் பவர் ஸ்டீயரிங் ஆயில் குறைந்திருக்கும். மெஷின் வைன் பண்ணினால் நாங்கள் அதைத் திட்டுவதில்லை, என்ன குறை என்று பார்க்கிறோம். பாலர் பள்ளிக்கு இது தெரியாதா?

ஓய்வு பெற்ற வாத்தியார்:
முதல் பதிவு போட்ட தம்பிக்கு. கோபம் வேண்டாம், டீச்சர் சொன்னது சரியான சொல்தான். என்ன கேட்டாள் என்பதை வைத்து அந்தச் சொல் வருவதில்லை, எப்படிக் கேட்டாள் என்பதை வைத்து வருகிறது. நியாயமான விஷயத்தையும் மூக்கால் இழுத்துக் கேட்டால் அது வைன். நம் வீடுகளில் ‘நைநைன்னு அழுவாதே’ என்போமே, கிட்டத்தட்ட அதுதான். சிணுங்கல் என்று சிலர் மொழிபெயர்ப்பார்கள், எனக்கு ஒப்பாது. சிணுங்கலில் ஒரு செல்லம் இருக்கிறது, காதலிகூடச் சிணுங்குவாள். வைனில் செல்லம் கிடையாது, கேட்பவனுடைய எரிச்சல்தான் இருக்கிறது. மலாயில் மெரெங்கெக் என்றால் பொருந்தும். மோன் என்பது முனகல், இங்கிலாந்தில் அதையே குறைசொல்வதற்கும் சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். கிரோன் முக்குவது. கிரம்பிள் முணுமுணுப்பது, இடியும் பசித்த வயிறும்கூட கிரம்பிள் பண்ணும். ஆஸ்திரேலியாவுக்குப் படிக்கப் போகிற பிள்ளைகள் ‘விஞ்ச்’ (whinge) என்று கேட்பார்கள், அது வைனுக்கு ஒன்றுவிட்ட தம்பி. பழைய ஆங்கிலத்தில் வைனின் மூதாதைச் சொல் அம்பு காற்றைக் கிழித்துப் போகிற ஒலியைக் குறித்தது, ஆகவே ஃபிட்டர் தம்பியின் கியர்பாக்ஸ்தான் இதற்குப் பழைய சொந்தக்காரன்.

இன்னொன்று. ஸ்காட்லாந்துக்காரர்கள் பலர் இந்தச் சொல்லை ‘ஹ்வைன்’ என்று மூச்சோடு தொடங்குவார்கள், மது என்கிற வைனைச் சாதாரணமாகச் சொல்வார்கள், ரெண்டும் குழம்பாது. மலாயாத் தோட்டங்களில் அந்த நாட்டுத் துரைமார் நிறைய. உங்கள் அப்பா அவர்கள் வாயால் கேட்டிருந்தால் தப்பாகப் புரிந்திருக்க மாட்டார். பிள்ளைக்குத் தினம் அரைமணி நேரம் ஆங்கிலம் பேசப் பழக்குங்கள், கார்ட்டூன் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள், வேண்டியதை ஒரே வாக்கியத்தில் கேட்கச் சொல்லிக்கொடுங்கள், அழுதால் கொடுக்காதீர்கள். என் அனுபவம் என்று பெரிதாக இல்லை, ஒரு மாணவன் பரீட்சையில் ‘நாய் ஒயின் குடித்தது’ என்று எழுதினான்.

தாமான்வாசி அக்கா:
வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம், ஆனால் ‘சரியான சொல்தான்’ என்று எளிதாகச் சொல்லிவிட்டீர்கள். எரிச்சல் கேட்பவருடையது என்று நீங்களே எழுதுகிறீர்கள், அப்புறம் ஏன் பழி பிள்ளை மேல்? எனக்கு நடந்ததைக் கேளுங்கள். ஈப்போ பக்கம் ஒரு தொழிற்சாலையில் இருந்தேன். சம்பளச் சீட்டில் ஓவர்டைம் குறைந்திருந்தது, வாட்ஸ்அப் குரூப்பில் மரியாதையாக மலாயில், பெயர் போட்டு, தேதி போட்டுக் கேட்டேன். சூப்பர்வைசர் பதில் ரெண்டே வார்த்தை, ‘ஸ்டாப் வைனிங்’, பக்கத்தில் சிரிக்கிற மூஞ்சி. எழுத்தில் கேட்டதற்கு மூக்கு எங்கிருந்து வந்தது, இழுவை எங்கிருந்து வந்தது? அதைக்கூட விட்டுவிடுவேன். அந்தச் செய்திக்குக் கீழே ஒரு கட்டைவிரல் விழுந்தது. யாருடையது என்று அழுத்திப் பார்த்தால், தோட்டத்தில் பிள்ளை பார்க்கிற ஆயாக் கொட்டகையில் என்னோடு ஒரே ஏணையில் தூங்கியவள். இப்போது கோயில் திருவிழாவில் பார்த்தால் ‘எப்படிடீ இருக்கே’ என்கிறாள், நானும் சிரித்துவைக்கிறேன்.

சங்கத்து ஆள்:
அக்கா, இதை இப்படி விடக்கூடாது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் இருக்கிறது, அதில் திருத்தங்கள் 2023 ஜனவரி 1 முதல் அமலில் உள்ளன. வாரத்துக்கு 48 மணி நேரமாக இருந்தது 45 ஆகிவிட்டது. மாதம் 4,000 ரிங்கிட் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு ஓவர்டைம் சட்டப்படி உரிமை, சாதாரண நாளில் மணிக்கு ஒன்றரை மடங்கு, ஓய்வு நாளில் இரண்டு மடங்கு, பொது விடுமுறையில் மூன்று மடங்கு. சம்பளச் சீட்டு, பஞ்ச் கார்டு, அந்த வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் படம் பிடித்து வையுங்கள். குரூப்பிலிருந்து வெளியேறாதீர்கள். தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கக் காசு கிடையாது, வக்கீலும் தேவையில்லை. என்னையும் ஒரு மேனேஜர் அப்படிச் சொன்னார், நான் ‘திஸ் இஸ் அ கம்ப்ளெய்ண்ட்’ என்று திருப்பிச் சொன்னேன், அதற்குப் பிறகு ஒழுங்காகப் பேசினார்.

தாமான்வாசி அக்கா:
தம்பி, நல்ல மனசோடு சொல்கிறீர்கள், நன்றி. காசு அடுத்த மாதமே வந்துவிட்டது. நான் எழுதியது அந்தக் கட்டைவிரலைப் பற்றி.

ஃபிட்டர் மறுபடி:
அதற்குச் சட்டம் இல்லை அக்கா.

கறுப்பனின் அப்பா:
எல்லாரும் சீரியஸாகப் போகிறீர்கள், என்னுடையதையும் போட்டுவிடுகிறேன். கறுப்பன் என் நாய். புது தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) குடிவந்த கையோடு, கேட்டில் ஒரு சீட்டு, அழகான கையெழுத்து, ‘யுவர் டாக் வைன்ஸ் ஆல் நைட்’. வாத்தியார் பட்டியலில் நாய் ஒயின் குடித்ததோடு நின்றுவிட்டது, ஆங்கிலத்தில் நாய்க்கு இது ரொம்ப இயல்பான சொல்லாம், குரைப்பும் இல்லை ஊளையும் இல்லை, அந்த ‘ங்ங்ங்’ என்கிற ஈனமான முனகல். என் மனைவி சோறு கூட வைத்துப் பார்த்தாள், நான் சாக்கு மாற்றிப் போட்டேன், கடைசியில் டார்ச் அடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தேன். கறுப்பன் வேலி ஓட்டையில் மூக்கை விட்டபடி அந்தப் பக்கமே பார்க்கிறான். வேலிக்கு அப்புறம் சீட்டு எழுதினவர் வீட்டுப் பெட்டை நாய், பருவத்துக்கு வந்து, கட்டாமல் உலாவுகிறது. பதில் எழுத எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் வராது. மலாயில் எழுதி அவர் கேட்டில் செருகினேன்: உங்கள் நாயைக் கட்டுங்கள், என் நாய் தூங்கிவிடும்.